சத்தம் போடாத பெட்டி

பெரியவன் கொண்டுவந்து இறக்கிய பெட்டி இரண்டு நாளாக வாசலிலேயே கிடந்தது. செருப்பு விடும் இடம் முழுக்க அதுதான். உள்ளே போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போதெல்லாம் சின்னவள் முகம் சுளிப்பாள். பெரியவன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை அவனே அதைத் தூக்கினான். முப்பது கிலோ இரும்பு. ஒற்றை ஆளாகத் தூக்கி, கூடத்து மேசைமேல் வைத்தான். மேசைக் கால் முனகியது.

"ஓட விட்டுப் பாரு. அப்பறம் பேசு," என்றான்.

திங்கட்கிழமை சின்னவளுக்குப் புது வேலை. பல மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனி. அலுவலகம் போகவேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம். அப்பாவுக்காகத்தான் அவள் கெஞ்சிக் கேட்டு வாங்கிய சலுகை அது. ஒரு நிபந்தனை உண்டு. ஐந்து மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்கள் எப்படி ஓடுகின்றனவோ அப்படியே ஐந்து நகல்கள் அவள் வீட்டில் இரவும் பகலும் ஓடவேண்டும். எந்த மாற்றத்தையும் முதலில் நகலில் செய்து பார்த்துவிட்டுத்தான் அங்கே அனுப்பவேண்டும். ஐந்துக்கும் சேர்த்து, நிற்காமல் ஓடும் ஒரே கம்ப்யூட்டர், ஒரு சர்வர், போதும்.

எந்த சர்வர் என்பதில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு நாளாகப் பேச்சில்லை.

அவள் சுவிட்சைப் போட்டாள்.

முதலில் ஒரு சீறல். பிறகு ஆறு விசிறிகளும் ஒன்றாகக் கிளம்பின. கீச்சென்ற இரைச்சல் கூடத்தை நிரப்பி, திரைச்சீலையைத் தாண்டி அப்பாவின் அறைக்குள் போனது. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவன் பெட்டியின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்தான். முகத்தில் ஒரு நிறைவு.

"பாத்தியா? அதிரவே இல்ல. பூனை மாதிரி கெடக்கு."

"பூனையா? காது கிழியுது அண்ணா! விளையாடறியா?"

"எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்லு."

திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. கல் உடைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருடம் நின்றவர். நெஞ்சு முழுக்கக் கல் தூசி. மூக்கில் குழாய், கட்டில் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வாங்குவார். ஆனாலும் கேலியை விடமாட்டார்.

"கல்யாணம் பண்ணிக்கோன்னா... பெட்டி கொண்டாந்து வைக்கிறீங்க. மாப்பிள்ளை... ரொம்ப சத்தம் போடுறான்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவன் சிரிக்கவில்லை. அவன் தங்கையின் முகத்தைப் பார்த்து, சிரிக்கவேண்டிய இடம் போலிருக்கிறது என்று கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

அவள் சுவரில் செருகியிருந்த சின்ன மீட்டரைக் காட்டினாள். எந்தச் சாமான் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்று சொல்லும் மீட்டர்.

"நூத்தித் தொண்ணூத்தாறு. ஒரு வேலையும் செய்யாம சும்மா உக்காந்திருக்கறதுக்கு. அப்பா மெஷின் முன்னூத்திப் பத்து. கரண்ட் போனா நம்ம இன்வெர்ட்டர் பேட்டரியில அப்பா மெஷின் நாலு மணி நேரம் ஓடும். இதையும் சேர்த்தா ரெண்டரைதான். போன மாசம் ஒரு நாள் மூணே கால் மணி நேரம் கரண்ட் இல்ல. ஞாபகம் இருக்கா?"

"இதை மட்டும் இன்வெர்ட்டர்ல மாட்டாம விடு."

"திடுதிப்புனு நின்னா உள்ள இருக்கற அஞ்சும் அப்படியே விழும். திங்கக்கிழமையே வேலை போயிடும்."

"அதுக்குன்னு இதா?" என்று அவன் ஜன்னல் திட்டிலிருந்து எடுத்துக் காட்டியது சின்னவள் தேர்ந்தெடுத்த பெட்டி. ஏதோ அலுவலகத்தில் நாலு வருடம் உழைத்து, பழசு என்று கழித்துவிட்ட மினி கம்ப்யூட்டர். சாப்பாட்டு டப்பா அளவு. அவன் உள்ளங்கையில் அது காணாமல் போனது. எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை ஏற்றி இறக்கினான். "ஒண்ணரை கிலோ வருமா? கனம் இல்லாதது நிக்காது பாப்பா. எங்க பட்டறையில கேளு. அடிமணை கனமா இருந்தாதான் அடி தாங்கும்."

"இது பட்டறை இல்ல. குடித்தனம். ஒரு வீட்டுக்குள்ள அஞ்சு குடித்தனம்னு வச்சுக்கோ. ஆளுக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு. ஒரு வீட்டுல சண்டை நடந்தா அடுத்த வீட்டுக்குத் தெரியாது. படுக்க இடம் வேணும், அது மெமரி. இதுல முப்பத்திரண்டு ஜிபி வரைக்கும் ஏத்தலாம், போதும். அஞ்சு வீட்டுக்காரனும் ஒரே நேரத்துல எந்திரிச்சு ஆட மாட்டான். முக்கால்வாசி நேரம் தூங்குவான். தூங்கறப்போ எவ்வளவு கரண்ட் திங்கறாங்கறதுதான் கேள்வி. இது பதினோரு வாட். அப்பாவோட நாலு மணி நேரத்துல எட்டு நிமிஷம்தான் குறையும்."

முதலில் பழைய லேப்டாப்பையே பயன்படுத்தலாமா என்று பார்த்தாள். அதில் மெமரி ஏற்ற இடமில்லை, பேட்டரியும் உப்பியிருந்தது. விசிறியே இல்லாத பெட்டி ஒன்றையும் பார்த்தாள். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் அது தொடமுடியாமல் சுட்டது. இந்தச் சின்னதில் ஒரே விசிறி, மெதுவாகச் சுற்றும். சுழலும் டிஸ்க் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமலே எழுந்துகொள்ளும். ஒரு வாரம் தேடிப் பிடித்தது.

பெரியவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் என்னுது ஓடட்டும். அதுக்கும் ஒரு நியாயம் வேணும்," என்றான்.

"இவ்வளவு நேரம் கத்தினேனே! உன்கிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணு!"

அவன் சின்னப் பெட்டியை எடுத்த இடத்திலேயே, ஓசைப்படாமல் வைத்தான்.

மதியம் அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடியற்காலை நாலு மணி வேலை. கை விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வந்ததும் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஒரு மணிக்குப் படுத்து, நாலு மணிக்கு எழுவாள். அந்த மூன்று மணி நேரமும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது பெரியவன் பொறுப்பு. அதன்பிறகுதான் அவன் பட்டறைக்குக் கிளம்புவான். ஒன்றரை வருடமாக இப்படித்தான். ஒரு நாள் தவறியதில்லை.

"என்னடா இது, வீட்டுக்குள்ள லாரி நிக்குது?" என்றாள் அம்மா.

"சர்வர்மா. சாயங்காலம் வரைக்கும்தான்," என்றாள் சின்னவள்.

"யானையைக் கட்டித் தீனி போடற வீடா இது?" என்று கேட்டுக்கொண்டே பாயை விரித்தாள். வேலைக் களைப்பு. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

பெரியவன் அப்பா அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல வலது காலை நீட்டி, வெறும் பாதத்தை ஆக்சிஜன் இயந்திரத்தின்மேல் பதித்துக்கொண்டான். சின்னவள் கடைக்குக் கிளம்பும்போது அம்மா போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்:

"காலை எடுக்கச் சொல்லுடி அவனை. அப்பா உயிர் மேல காலை வைக்கிறான். எத்தனை தடவை சொன்னாலும் உறைக்காது."

மெமரி அட்டைகள் வாங்கிக்கொண்டு சின்னவள் திரும்பியபோது மணி இரண்டரை. தெரு முனையிலேயே பெட்டியின் இரைச்சல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

வாசல்படி ஏறும்போது இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதுபோல் இருந்தது. நின்று கேட்டாள். பீப். பீப். பீப்.

பெட்டியின் சத்தம் இல்லை.

கூடத்தைத் தாண்டி ஓடினாள். அம்மா போர்வைக்குள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். திரையை இழுத்தாள்.

அப்பா சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். புரண்டபோது குழாய் கட்டில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி, மடிந்து நசுங்கியிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுதான் அவரிடம் போகவில்லை. கட்டிலைப் பார்த்த பக்கத்தில், நாற்காலியிலிருந்து தெரியாதபடி, சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

நாற்காலியில் பெரியவன். தூங்கவில்லை. கண் இரண்டும் திறந்திருந்தன. அப்பாவின் முதுகு ஏறி இறங்குவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் இயந்திரத்தின்மேல்.

அவள் கட்டிலை முழங்காலால் தள்ளிக் குழாயை உருவினாள். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை அவர் விரலில் மாட்டினாள். எழுபத்தாறு. முதுகைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். எண்பது. எண்பத்து நான்கு. பெரியவன் அதற்குள் எழுந்து வந்து மறுபக்கம் தாங்கிக்கொண்டான். தொண்ணூற்றொன்று வந்தபிறகுதான் சின்னவளுக்குத் தன் மூச்சு வந்தது.

"தூங்கிட்டியா?" என்று கத்தினாள்.

"இல்ல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அடிச்சுக்கிட்டே இருந்துச்சே! வாசல்ல இருந்தே எனக்குக் கேட்டுச்சு!"

"எது?"

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் நின்றுவிட்டது.

அம்மா எழுந்து ஓடிவந்தாள். பெட்டிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். சின்னவள் கூடத்துக்குப் போய் பெட்டியை அணைத்தாள். விசிறிகள் இறங்கி ஓய்ந்தன. வீட்டில் அப்பாவின் இயந்திரம் புஸ்ஸென்று மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

பெரியவன் அவளுக்கு முதுகு காட்டிக் குனிந்து, அப்பாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"அண்ணா," என்றாள், சாதாரணக் குரலில்.

அவன் திரும்பவில்லை.

"அண்ணா."

தலையணை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான்.

அம்மா பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவள் போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் திரும்பி இருவர் முகத்தையும் பார்த்தான். மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இடது காது ரெண்டு வருஷமா இல்ல. வலதுல தடித்த சத்தம் கேக்கும். சம்மட்டி கேக்கும், லாரி கேக்கும். கீச்சுனு வர்றது எதுவும் வராது. நீ பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

"காதுல பஞ்சு வைக்கலியாடா?" என்றாள் அம்மா.

"பதினாறு வருஷமா இரும்பு அடிக்கிற ஹாமர் மெஷின்கிட்ட நிக்கிறேன். பஞ்சு என்ன பண்ணும்?"

"அப்போ எத்தனையோ தடவை கரண்ட் போயிருக்கு. நீதானே முதல்ல எந்திரிச்சு இன்வெர்ட்டரைப் பாப்பே? எங்களுக்கு முன்னால நீதானே ஓடுவே?" என்றாள் சின்னவள்.

அவன் குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தான்.

"கால்ல தெரியும். மெஷின் நின்னா அதிர்வு நிக்கும். பட்டறையில அப்படித்தான், மோட்டார்ல கோளாறுன்னா காதுக்கு முன்னால காலுக்குத் தெரியும். அதனாலதான் காலை எடுக்கல. இன்னிக்கு மெஷின் நிக்கல. ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. குழாய் மடிஞ்சது காலுக்குத் தெரியல பாப்பா."

அம்மா ஒன்றரை வருடமாகத் திட்டிய திட்டெல்லாம் அந்த அறையில் வந்து நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் கூச்சத்தோடு இழுத்துக்கொண்டான்.

"பழைய சாமான் கடையில எட்டு பெட்டி இருந்துச்சு," என்றான் தங்கையிடம். "சத்தமில்லாதது வேணும்னு நீ சொன்னது எனக்குத் தெரியும். எட்டையும் ஓட விடச் சொன்னேன். ஒவ்வொண்ணு மேலயும் கை வச்சுப் பாத்தேன். இதுதான் அதிரவே இல்ல. கடைக்காரன் ஏன் சிரிச்சான்னு இப்பத்தான் புரியுது."

காலையில் தான் சொன்ன சங்குப் பேச்சு சின்னவளுக்கு நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத வீடு அது. அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வா. இதைத் திற."

சின்னப் பெட்டியைத் திறந்தார்கள். அவள் காட்டிய இடத்தில் அவன் மெமரி அட்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். "உக்காந்துருச்சு," என்றான். விரல் சொல்லியிருக்கும்.

ஐந்து குடித்தனங்களையும் திங்கட்கிழமைக்குள் ஏற்றவேண்டும். அவள் அதைத் தள்ளிவைத்தாள். முதலில் ஆறாவதாக ஒன்றைக் குடிவைத்தாள், வீட்டுக்காகவே. பழைய ஹெட்போனிலிருந்து மைக்கைப் பிய்த்து அப்பாவின் இயந்திரத்தில் ஒட்டினாள். அந்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே ஆறாவதன் வேலை. சத்தம் வந்தால் நாற்காலிக்கு நேரே உள்ள பல்பை எரியவைக்கும். பெரியவன் சட்டைப்பை போனையும் அதிரவைக்கும். ஒன்றரை மணி நேரத்தில் ஒப்பேற்றிய வேலைதான், இன்னும் செப்பனிடவேண்டும். அப்பா இருமினார். பல்பு எரிந்தது.

"இருமினாலும் எரியுது," என்றாள் சலிப்போடு.

"எரியட்டும். இருமினாலும் நான் பாக்கணும்ல."

அவள் வேண்டுமென்றே குழாயை ஒரு கணம் மடித்தாள். பீப். பல்பு எரிந்தது. பெரியவன் மார்பில் கைவைத்தான். போன் அதிர்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தது அவனுக்கு. மினி பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"ஓடுதா?"

அவள் அவனுக்கு நேரே திரும்பித் தலையாட்டினாள். மீட்டரில் பதின்மூன்று.

"இந்த மாப்பிள்ளை... வாயே திறக்கலையே," என்றார் அப்பா. "நல்ல குடும்பம்." சொல்லிவிட்டு, களைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மா இந்த முறை அவர் திரும்பி முடியும்வரை குழாயைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

நாலரை மணி. பெரியவன் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். கிளம்பவில்லை. போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான்.

பட்டறை அலுவலகத்தின் தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஹாமர் பிரிவில் எல்லாருக்கும் காது பரிசோதனை. தேறாதவர்கள் அன்றிலிருந்து அந்தப் பிரிவில் நிற்கக் கூடாது.

"அப்பறம்?" என்றாள்.

"ரெண்டு பேரை கேட்ல காவலுக்கு உக்கார வைப்பாங்க. மீதிப் பேர் வீடு." அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான். "காதுல ஹெட்போன் மாட்டுவாங்களாம். பீப்னு வரும். கேட்டா பட்டனை அமுக்கணும். அவ்வளவுதான். அந்த ஹெட்போன் ஓரத்துல இந்த மாதிரி மைக்கு ஒண்ணு. இடுப்புல போன். உன்னால முடியும் பாப்பா. இப்பத்தான் பாத்தேனே."

அவளால் முடியும். அது அவளுக்கும் தெரிந்தது. தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தேறிவிட்டால் வேலை இருக்கும். இன்னும் பத்து வருடம் அந்த ஹாமரின் அடியில் நிற்பான். மிச்சம் இருக்கும் வலது காதும் போகும்.

"நானும்... பாஸ் பண்ணினேன்."

சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த அப்பாதான் பேசினார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள்.

"ஆலையில... வருஷா வருஷம் நெஞ்சைப் படம் எடுப்பாங்க. ஒரு வருஷம்... என் பேரைச் சொல்லி... வேற ஒருத்தனைப் போய் நிக்கச் சொன்னேன். நல்ல நெஞ்சு அவனுக்கு. பாஸ்." இயந்திரம் இரண்டு முறை புஸ்ஸென்றது. "அதுக்கப்பறம்... பதினோரு வருஷம் நின்னேன். அந்தத் தூசியில."

அம்மா கையிலிருந்த போர்வை பாதி மடித்தபடி நின்றது. இத்தனை வருடத்தில் இது அவளுக்கும் புதிது.

மைக்குக்கு அப்பாவின் குரல் எட்டியிருக்கும். நாற்காலிக்கு நேரே பல்பு எரிந்து அணைந்தது. பெரியவன் பல்பைப் பார்த்தான், அப்பாவின் முதுகைப் பார்த்தான்.

"அப்பா என்னமோ சொன்னாரா? இருமினாரா?" என்றான். "என்ன சொன்னாரு?"

சின்னவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.